மலையைச் சுற்றிப் படித்தவளுக்கு

பாப்பா,

இன்று காலை கடையைத் திறப்பதற்கு முன் ஐராவதத்தின் டிக்கியைத் திறந்தேன். உன் ஷூவின் வாசனை வந்து என்னைக் கன்னத்தில் அறைந்தது. நனைந்த ஷூ, வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரே, கடித்து வைத்த கடலைமிட்டாய் மூன்றும் கலந்த அந்த வாசனை ஒரு காலத்தில் வேங்கிக்காலில் கிளம்பினால், செங்கம் ரோட்டில் தியானத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர்கள் கண்ணைத் திறந்துவிடுவார்கள். நீ போன பிறகு அந்த டிக்கியில் வெறும் பெட்ரோல் வாசனைதான். இன்றைக்கு உன் ஷூ மறுபடி மழையில் நனைந்து, மறுபடி என் வண்டிக்கு வந்திருக்கிறது. யார் நனைத்தார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவசரப்படாதே. நீ எல்லாவற்றிலும் அவசரப்பட்டவள்.

என் பழைய ஸ்கூட்டருக்குத் தேவேந்திரனுடைய யானையின் பெயரை வைத்தது நான். “மாமா, நெஜ யானகூட இதவிட வேகமா போவும்” என்று அதன் கீர்த்தியைக் கெடுத்தது நீ. ஊரில் எல்லோருக்கும் ‘ங்க’ போடுகிற மரியாதைக்காரி, தாய்மாமனை மட்டும் ‘நீ’ என்பாய். மூவுலகும் அஞ்சும் ஒரு ஜெராக்ஸ் கடை முதலாளிக்கு அது எவ்வளவு பெரிய இழுக்கு என்று உனக்குத் தெரியவில்லை. கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் கடை போட்டு, இந்த மாவட்டத்தின் அறிவு முழுவதையும் என் மெஷின் கண்ணாடிமேல் குப்புறப் படுக்க வைத்து நகலெடுத்தவன் நான். அதில் ஒரு வரிகூட எனக்குள் இறங்கியதில்லை. நீ வந்துதான் இறக்கினாய்.

கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்த முதல் வருடம் நீ எங்கள் யாருக்கும் புரியாத ஒரு பிராணியாக இருந்தாய். காலையில் மலையைச் சுற்றி ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் சாத்தனூர் அணை வரை, சாயங்காலம் பாறை ஏற்றம். நடுவில் எப்போது லேப்டாப்பைத் திறக்கிறாய் என்று உன் அம்மா காவல் இருந்து பார்த்தாள். திறந்த மாத்திரத்தில் நீ தூங்கிவிடுவதைக் கண்டுபிடித்தாள். அதோடு வீட்டில் மகாயுத்தம் மூண்டது. கீழ்பென்னாத்தூர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கப் போன உன் அப்பா அன்று வீடு திரும்பவில்லை. ஆள் பற்றாக்குறை என்று சொன்னார். நான் நம்பவில்லை.

“ஒரே ஒரு அரியர் விழட்டும்டி. அந்த ஷூவ எடுத்து அடுப்புல போட்டுட்றேன்.”

“கேஸ் அடுப்புல ஷூ எரியாதும்மா. உருகும்.”

“பாத்தியாடா இவ வாய?” என்று உன் அம்மா என்னிடம் நியாயம் கேட்டாள். அந்தச் சபையில் நான் எழுந்து நின்று, இவள் ஒரு பேப்பரில் தோற்றாலும் என் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சபதம் செய்தேன். உன் அம்மா என் மீசையை ஒருமுறை பார்த்தாள். “அது இருந்தாத்தான் என்ன, போனாத்தான் என்ன” என்றாள். ஆனாலும் ஒப்பந்தம் முடிந்தது. அரியர் இல்லாதவரை ஓட்டம். விழுந்தால், படிப்பு முடியும் வரை ஷூ அவள் பீரோவில்.

மறுநாள் நீ கடைக்கு வந்து, “மாமா, உக்காந்தா எனக்கு மூள தூங்கிடுது. கால் ஓடுனாதான் அது முழிச்சிக்குது. என்ன பண்றது?” என்று கேட்டாய். முதல்தடவையாக உன் குரலில் கேலி இல்லை. அன்றுதான் நாம் அந்தச் சூழ்ச்சியைத் தீட்டினோம்.

நீ ஓட வேண்டும். நான் பக்கத்தில் ஐராவதத்தில் உருண்டுகொண்டே கேள்விகளை உரக்க வாசிக்க வேண்டும். நீ மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். கிரிவலப் பாதையில் எட்டு லிங்கம் இருப்பதால் பாடத்தையும் எட்டாகப் பிரித்தாய். இந்திரலிங்கத்தில் ஒன்று, அக்னிலிங்கத்தில் ஒன்று என்று நட்டு வைத்தாய். “பரீட்ச ஹால்ல கண்ண மூடிக்கிட்டு ஒரு சுத்து சுத்துனா போதும் மாமா, வழியில எல்லாம் அங்கங்க நிக்கும்.” இப்படி ஒரு கல்விமுறை சந்திரனிலும் இல்லை, செவ்வாயிலும் இல்லை.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள், குப்பை வாருகிறவர்களுக்கு நடுவில் நாம் போய்க்கொண்டிருந்தபோது, வெறுங்காலோடு நடந்துவந்த ஓர் அம்மாள் என்னை நிறுத்தி, “இன்னா ஸ்லோகம்ப்பா சொல்லிக்கினு போறீங்க? புதுசா கீது” என்று கேட்டாள். “ஆபரேட்டிங் சிஸ்டம்மா. கலியுகத்துல மோட்சத்துக்கு இதான் வழி” என்றேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நீ சிரித்துச் சிரித்து நிருதிலிங்கம் வரை ஓட முடியாமல் விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தாய்.

எமலிங்கத்தில் நீ நட்டு வைத்தது வரிசை. கம்ப்யூட்டருக்குள் வேலைகள் வந்து வரிசையில் நிற்கும், முதலில் வந்தது முதலில் போகும் என்று விளக்கினாய். “எமன்கிட்டயும் அதே கணக்குதான மாமா? மொதல்ல வந்தவங்க மொதல்ல. அதனால மறக்காது.” நான் மார்பைத் தட்டி, “அப்படின்னா என் டோக்கன் நம்பர் உன்னுதுக்கு ரொம்ப முன்னாடி, ஞாபகம் வெச்சிக்கோ” என்றேன். அந்தப் பேச்சை நான் இவ்வளவு நாள் எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

நாலாவது செமஸ்டர் பரீட்சையும் கல்லூரிகளுக்கு இடையிலான நெடுந்தூர ஓட்டமும் ஒரே நாளில் வந்து விழுந்தன. காலையில் ஓட்டம், மத்தியானம் ஆபரேட்டிங் சிஸ்டம். உன் அம்மா கேட்டில் குறுக்கே நின்றாள்.

“ஓட்டமா பரீட்சையா, ஒண்ணு சொல்லிட்டுப் போ.”

“ஒரே நாள்தாம்மா. ஒரே நேரம் இல்லியே.”

அவள் வழி விட்டாள். ஆனால் பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நாம் இருவருமே பார்த்தோம். ஓடுவதை யாராவது நிறுத்தினால் நீ என்ன ஆவாய் என்று எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது.

ஓட்டத்தில் நான்காவதாக வந்தாய். மெடல் இல்லை. முகத்தில் சேறு. ஐராவதம் தன் ஆயுளில் முதலும் கடைசியுமாக அன்று பறந்தது. வழியில் இரண்டு பருந்துகளை முந்தினோம். ஈரத் தலையோடு ஹாலுக்குள் போனாய். சாயங்காலம் பேயறைந்த மாதிரி வெளியே வந்தாய்.

“மாமா, வருணலிங்கம் காலி.”

“காலின்னா?”

“பதிமூணு மார்க் கேள்வி. டெட்லாக். வருணலிங்கத்துலதான வெச்சேன்? கண்ண மூடி அங்க போய் நிக்கிறேன், இளநீர்தான் வருது. நீ ஒருநாளாவது அங்க படிச்சியா? வண்டிய நிறுத்திட்டு இளநீர் குடிக்கப் போயிடுவ!”

உண்மைதான். வருணலிங்கத்தில் ஓர் இளநீர் வண்டி உண்டு. அங்கே வந்தால் வாத்தியாருக்கும் மாணவிக்கும் தானாகவே விடுமுறை. நான் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். “அப்புறம் இன்னா எழுதின?”

“அந்த எளநி வண்டிய வுட்டுக் கெளம்பி அப்படியே ஓடுனேன். அடியண்ணாமல தெருவுல ரெண்டு பஸ் மாட்டிச்சே, அது வந்துச்சு. அத எழுதிட்டேன்.”

அந்தக் காலையை நானும் மறக்கவில்லை. ஒடுங்கின தெருவில் இரண்டு டூரிஸ்ட் பஸ் மூக்கோடு மூக்கு. “நீ ரிவர்ஸ் எடு”, “நீ எடுய்யா மொதல்ல.” ஒருவன் விட்டால்தான் மற்றவன் போக முடியும், இருவரும் விடுவதாக இல்லை. பின்னால் ஆட்டோக்கள், நடுவில் ஐராவதம், அதன்மேல் கேள்வித்தாளோடு நான். இரண்டு வேலைகள் ஒன்றின் வழியை மற்றது பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பதுதான் டெட்லாக்காம். பஸ், தெரு, டிரைவர்கள் எல்லாவற்றுக்கும் படம் போட்டு, யாரைப் பின்னால் எடுக்கச் சொன்னால் முடிச்சு அவிழும் என்பதுவரை எழுதியிருந்தாய்.

முடிவு வந்தது. பாஸ். உன் அம்மா சாவியை இடுப்பிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினாள். “உன் மீச தப்பிச்சிதுடா” என்றாள். அவ்வளவுதான் அவளுடைய பாராட்டு விழா.

அடுத்த வருடம், ஒரு மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வருவதுதானே என்று இருந்தோம். நானும் பெரிதாக ஒன்றும் புளுகவில்லை. சின்னக் காய்ச்சலைப் பற்றிப் புளுக என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு டாக்டர்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். எனக்குத் தெரிந்த மொழியில் அவ்வளவு தாழ்ந்த குரலே கிடையாது.

மத்தியான வெயில் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. நீ கண்ணை மூடியபடியே, “மாமா, கேள்வி கேளு” என்றாய். என் கையில் காகிதம் இல்லை. ஆனால் எனக்கு எல்லாமே மனப்பாடமாகியிருந்தது. இந்திரலிங்கத்தில் கேட்டேன், சொன்னாய். அக்னியில் சொன்னாய். எமனை நான் வேண்டுமென்றே தாண்டினேன். “ஏமாத்தாத, ஒண்ணு வுட்டுட்ட” என்று சொல்லிவிட்டு அந்தப் பதிலையும் நீயே சொன்னாய். நிருதியில் மூச்சு வாங்கியது. “வருணன் வந்தா சொல்லு மாமா, தண்ணி குடிக்கணும்” என்றாய். உன் அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள். நீ தூங்கியிருந்தாய்.

மறுநாள் காலையில் நீ இல்லை.

காது குத்தியபோது உன்னை மடியில் வைத்து, பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்தவன் நான். தாய்மாமன் முறைக்குக் கடைசித் துணியும் நானே எடுக்க வேண்டும் என்றார்கள். ஜவுளிக்கடைக்காரர் “இன்னா விசேஷம்ணா?” என்று சிரித்த முகத்தோடு கேட்டார். வாயைத் திறந்தால் ஆயிரம் கதை கொட்டுகிறவன், அடுக்கில் இருந்த ஒரு துணியை விரலால் காட்டினேன்.

துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி, “பொட்டப்புள்ள இப்படி வெயிலு மழன்னு பாக்காம ஓடுனா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?” என்றாள். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவளும் அதையே சொல்லிவிடுவாள் என்று நான் எத்தனையோ நாளாகப் பயந்திருந்தேன். அவள் தலையைத் தூக்கினாள். “ஓடுனதால போவல. ஓடுன வரைக்கும்தான் எம்பொண்ணு நல்லா இருந்தா” என்றாள். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஷூவை அவளே துடைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

இன்று விடியும்போது என் வீட்டுக் கேட்டில் சத்தம். உன் அம்மா. புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். காலில் உன் ஷூ. அளவு பெரிதென்று உள்ளே இரண்டு ஜோடி சாக்ஸ்.

“வண்டிய எடுடா.”

“எங்கக்கா?”

“அவள கூட்டிட்டுப் போவியே, அங்க.”

அவள் நடந்தாள். நான் பக்கத்தில் உருண்டேன். ஒவ்வொரு லிங்கத்திலும் நின்று, “இங்க இன்னா கேப்ப? அவ இன்னா சொல்லுவா?” என்றாள். கேள்வியும் நான், பதிலும் நான். எமலிங்கத்தில் நான் ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். அவள் நகரவில்லை. “வரிசைக்கா” என்றேன். “மொதல்ல வந்தவங்க மொதல்ல போவணும்.” அவள் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. “அப்படியா சொன்னா?” என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்தாள்.

நிருதியைத் தாண்டியதும் மழை பிடித்தது. வருணலிங்கத்தில் இளநீர்க்காரர் பாலிதீன் போர்த்தி நின்றிருந்தார். நனைந்துகொண்டே குடித்தோம். அடியண்ணாமலைத் தெருவில் அந்த இரண்டு பஸ் நின்ற இடத்தைக் காட்டினேன். உன் அம்மா அங்கேயே நின்று நீ பரீட்சையில் போட்ட படத்தைச் சொல்லச் சொன்னாள். இந்த முறை நான் ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. பாதியில் அவள் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மழை, துடைத்தும் பிரயோசனம் இல்லை.

கேள்விகள் என்னிடம் இருக்கின்றன, பாப்பா. பதில்களும் இருக்கின்றன. நடுவில் வரும் உன் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் இல்லாமல் இருந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் உன் அம்மா மூச்சு வாங்கினாள்.

சுற்று முடிந்ததும் உன் அம்மா ஷூவைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு வீட்டுக்குப் போனாள். இப்போது கடையில் கூட்டம் இல்லை. நீ செய்வதுபோலவே, வீணான ஜெராக்ஸ் தாள்களைக் கசக்கி ஷூவுக்குள் திணித்து, மெஷினின் சூடு வரும் பக்கம் வைத்திருக்கிறேன். நாளைக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் காய வேண்டும்.

உன் மாமா