புகை வராத கரி

1943 நவம்பர் 8, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், அத்தையிடம் காட்டிவிடாதீர்கள். அப்பாவிடமும் வேண்டாம். பஸ் கம்பெனிக்காரர் கண்ணில் பட்டால் அப்பாவுக்கு வேலை போய்விடும்.

எல்லாம் கரியால்தான். அப்பா கடலூர்–சிதம்பரம் பஸ் ஓட்டுகிறார். யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதிலிருந்து பஸ்ஸின் முதுகில் பெரிய டிரம் வைத்திருக்கிறார்கள். அதில் கரியைப் போட்டு மூட்டினால் வருகிற கேஸில்தான் எஞ்சின் ஓடுகிறது. "பெட்ரோல் சண்டைக்குப் போயிடிச்சி, நான் அடுப்பு ஊதப் போறேன்" என்று சொல்லிக்கொண்டுதான் தினமும் கிளம்புவார். அந்தக் கரியில் ஒரு மூட்டையை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். மங்கலம் அக்காவுக்காக.

அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்து ஒன்பது நாள். எங்கள் வழக்கப்படி தாயும் பிள்ளையும் உள்ளறையில். கட்டிலருகே நெருப்புச் சட்டி. மழைக்காற்று துளியும் படக்கூடாது. வறட்டி போட்டால் புகை மண்டும், அடிக்கடி கதவைத் திறக்கவேண்டிவரும். கரியில் புகையே இல்லை. அத்தைக்கு ஒரே சந்தோஷம். "ராசாக் கரி தம்பி இது!" ஜன்னலில் கோணி திணித்தாயிற்று. ஓட்டுச் சந்தில்கூடத் துணி.

எனக்கு மட்டும் ஏன் அந்த அறைக்குள் போனால் நெஞ்சு கனக்கிறது?

நவம்பர் 10

அக்காவுக்குத் தலைவலி. உலக்கையால் இடிக்கிற மாதிரி இருக்கிறதாம். மத்தியானம் கஞ்சியை வாந்தி எடுத்துவிட்டாள். "பச்ச ஒடம்பு, அப்டித்தான் இருக்கும்" என்கிறாள் அத்தை.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா வேறு ஒரு கதை சொன்னார். பஸ் டிரம்மைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாயிரம் இன்று மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டவர் அப்படியே சரிந்துவிட்டாராம். "கேஸ் அடிச்சிடிச்சி. மொதல்ல தலவலின்னான், அப்பறம் வாந்தி, அப்பறம் கண்ணு சொக்கிடிச்சி. வெளிய இழுத்துப் போட்டு காத்தாட விட்டோம், முழிச்சிக்கிட்டான்."

நான் கேட்டேன்: "நம்ப வீட்டுக் கரியிலயும் அந்த கேஸ் வருமாப்பா?"

"அது டிரம்முல மூடி வச்சி வேவுற கரிடி. இது சட்டியில தொறந்து கெடக்குது. அதுவும் இதுவும் ஒண்ணா?"

சட்டி திறந்துதான் இருக்கிறது. அறை?

நவம்பர் 11

விஞ்ஞானப் புத்தகத்தை மூன்று தரம் படித்தேன். கரிக்குள் இருப்பது மரம் வெயிலில் நின்று சேர்த்துவைத்த சக்தி. தாராளமாகக் காற்று இருந்தால் அது முழுதும் எரிந்து சூடாகிவிடும். காற்று போதாவிட்டால் அரைகுறையாக எரிந்து வேறொரு வாயு வரும். நிறமில்லை, வாசனை இல்லை. எரியாமல் நின்ற மிச்ச சக்தி அதற்குள்ளேயே இருக்கும். அந்த மிச்சம்தான் முப்பது பேரைச் சுமந்துகொண்டு பஸ்ஸைக் கடலூர் வரை தள்ளுகிறது. அப்படியென்றால் எவ்வளவு பலம் இருக்கவேண்டும் அதற்கு!

ராஜாமணி டீச்சரிடம் கேட்டேன். நம் உடம்பும் தீ தெரியாமல் எரிகிற அடுப்புதானாம். சோறு விறகு. காற்றை ரத்தம் சுமந்துபோய்க் கொடுக்கிறது. "அந்த வாயு மூச்சுல போனா என்ன டீச்சர் ஆகும்?" "ரத்தம் காத்த விட்டுட்டு அதப் புடிச்சிக்கும். உள்ள அடுப்பு அணஞ்சிடும். ஏம்மா, யாருக்கு என்ன?"

"சும்மா கேட்டேன் டீச்சர்."

பின் பெஞ்சிலிருந்து புஷ்பவள்ளி, "பஸ்காரர் பொண்ணு வண்டி ஓட்டப் போவுது டீச்சர், அதான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொல்லியிருக்கலாம். கரி எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தால்?

நவம்பர் 12

அத்தையிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

அடிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள். "ஒங்கம்மாவும் இதே ரூமுலதான் படுத்திருந்தா, ஒன்னப் பெத்துட்டு. வேர்க்குது அண்ணி, ஜன்னலத் தொறந்து வைங்கன்னா. இந்தக் கையாலதான் தொறந்தேன். மூணாம் நாள் ஜன்னி கண்டு போய்ட்டா. இன்னொருவாட்டி தொறக்கச் சொல்றியா?"

அத்தை சொல்வதே நிஜமாக இருந்தால்? புத்தகத்தை நம்பித் திறந்து, அக்காவுக்கு ஜன்னி வந்தால், பிறந்து அம்மாவைக் கொன்றதும் நான்தான், அக்காவைக் கொன்றதும் நான்தான் என்றாகும்.

நவம்பர் 13

அத்தை கிணற்றடிக்குப் போனபோது கோணியை நாலு விரல் இழுத்துவிட்டேன். திரும்பி வந்து அடைத்துவிட்டாள்.

நவம்பர் 14, ஞாயிறு

எழுத்து கோணல்.

நேற்றிலிருந்து அடைமழை. வெள்ளாற்றில் தண்ணீர் ஏறிவிட்டதாம். அப்பாவின் பஸ் புவனகிரிக்கு அந்தாண்ட நிற்கிறது. வீட்டில் நானும் அத்தையும்தான். குளிர் ஜாஸ்தி என்று சட்டியில் இரண்டு பங்கு கரி போட்டாள்.

பத்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். அக்கா என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள். விளையாட்டுக்கில்லை. கண் என் மேல் நிற்கவில்லை. குழந்தை மார்பில் வாயை வைத்தபடி சும்மா கிடந்தது. சப்பவில்லை. அழவும் இல்லை.

எதை யோசித்தேனென்று தெரியாது. குடத்துத் தண்ணீர் முழுவதையும் சட்டியில் கொட்டினேன். பிறகு கொட்டகைக்கு ஓடி மூட்டையை இழுத்துக்கொண்டுபோய் நடு முற்றத்தில், மழையில், தலைகீழாகக் கவிழ்த்தேன். கறுப்புத் தண்ணீர் சாக்கடையில் ஓடியது.

அத்தை விளக்குமாற்றால் அடித்தாள். "பேய் புடிச்சிடிச்சா ஒனக்கு! புள்ள பெத்தவள குளுருல சாவடிக்கப் பாக்குறியாடி!"

வேறு வழியில்லாமல் பரணில் இருந்த வறட்டியை எடுத்து மூட்டினாள். ஈர நாளில் எப்படிப் புகையும்! அறை முழுக்க வெள்ளையாக மூடிக்கொண்டது. அத்தை இருமி இருமி, திட்டிக்கொண்டே, தானே ஜன்னல் கோணியைப் பிடுங்கினாள். கதவையும் திறந்தாள்.

நான் முற்றத்தில் நின்று அந்தப் புகை வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 15

குழந்தை அழுதது. அக்கா என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஆனால் ஒரு நாள்தானே ஆகிறது. அம்மாவுக்கு மூன்றாம் நாள்.

நவம்பர் 16

பள்ளிக்கூடம் போகவில்லை. அத்தை என்னோடு பேசவில்லை. மிளகு ரசம் வைத்து அக்காவுக்கு ஊட்டுகிறாள், நெற்றியைத் தொடுகிறாள், என்னைப் பார்க்கிறாள். சாயங்காலம் அக்காவுக்கு லேசாகக் கை சுட்டது. கஞ்சி குடித்த சூடா? வேறா? நடராஜா, நான் படித்தது தப்பாக இருக்கக் கூடாது.

நவம்பர் 17, புதன்

மூன்றாம் நாள். காலையிலிருந்து பதினோரு தடவை அக்காவின் நெற்றியைத் தொட்டுப்பார்த்தேன். அவள் சலித்துக்கொண்டாள்:

"சும்மா சும்மா நெத்தியில கைய வெக்காதடி சிவகாமு, புள்ள முழிச்சிக்கும்! கொஞ்சம் சுண்டவத்தக் கொழம்பு இருக்கா பாரு, வாயி செத்துக் கெடக்குது."

நவம்பர் 18

மத்தியானம் அப்பா தோணியில் ஆறு தாண்டி, முழங்கால் சேற்றோடு வந்தார். முற்றத்தில் கரியைப் பார்த்தார். "யாரு கொட்டுனது?" அத்தை என்னைக் கை காட்டினாள். அக்கா வாந்தி எடுத்தது, கண் சொக்கியது, ஆள் தெரியாமல் பேசியது, எல்லாவற்றையும் நான் ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

அப்பா ஈரத்தரையில் குந்திவிட்டார்.

"கண்ணாயிரத்தக் காத்துல இழுத்துப் போட்ட கைதான் இது. அதே கையால வீட்டுக்குத் தூக்கியாந்து வச்சிருக்கேன்."

அத்தை உள்ளே போய் அக்காவின் கட்டிலருகே நின்றாள். தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பற்றி நான் அவளிடம் ஏதாவது சொல்லவேண்டும். ஜன்னல் திறந்ததால்தான் ஜன்னி வந்தது என்று யாருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாதே. புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நாளைக்கு ராஜாமணி டீச்சரிடம்

கதவு தட்டுகிற சத்தம். அத்தை.

"சிவகாமு! சாமான் ரூமுல வெளக்கக் கொளுத்தி வச்சிக்கிட்டு தாப்பாப் போட்டிருக்கியா? தலவலிக்கிதாடி? பேசுடி! எழுந்து கதவத் தொற மொதல்ல, தொ