துக்க வருஷத்தில் ஒரு மலை

என் அருமை முரட்டு அண்ணனுக்கு,

பெரு நாட்டுக்குப் போவதென்று முடிவெடுத்துவிட்டேன். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து நாம் இருவரும் போட்ட அதே வழிதான். லீமாவில் இறங்கி, பஸ் பிடித்து மலைநாட்டுக்கு ஏறி, முதுகுப்பையோடு ஐந்து வாரம். நீ இல்லை, அவ்வளவுதான் மாற்றம்.

அவ்வளவுதான் என்று எப்படி எழுதினேன்? பாயான் லெப்பாஸ் சாலையில் உன் மோட்டார் சைக்கிள் சறுக்கி நீ போய்ச்சேர்ந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லையே.

பெரிய மாமாவுக்கு அதுதான் பிடி. நேற்று வந்து கத்தினார்: "வருஷத் திதி முடியாம மலை ஏறக்கூடாதுன்னு தெரியாதா? தைப்பூசத்துக்கே நாம தண்ணிமலை முருகன் கோயிலுக்குப் போகல! பொம்பளப் பிள்ள, அதுவும் தனியா!"

துக்க வருஷத்தில் மலைக்கோயில் ஏறாத வழக்கம் எனக்கும் தெரியும். "அந்த மலையில நம்ம கோயில் இல்ல மாமா, கழுத்து நீண்ட ஆடுதான் மேயுது" என்றேன். வருஷம் போகட்டும் என்று ஒத்திப்போட்டால் அடுத்து கல்யாணப் பேச்சு வரும். அப்புறம் போன மாதிரிதான்! அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் விடுவேனா? பைக்குள் அரிசி மூட்டையை வைத்துக் கொடிமலை ஏறுவோமே, அந்தப் பயிற்சிக்கு ராத்திரியே பையைக் கட்டி வைத்தேன். நான் பாதியில் உட்காரும்போதெல்லாம் நீ சொல்வாய்: "பெருவுல உன்ன நான் தூக்கமாட்டேன் லா!"

இன்று காலை பையைத் தூக்கினால் அப்படிக் கனத்தது.

"அரிசி கூடப் போட்டிருக்கேன்" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடியே. "அவன் தூக்குற அளவு. ரெண்டு பேரும்தானே போறதா இருந்தீங்க."

மாமா என்ன, ஊரே வந்து மறித்தாலும் இனி நிற்கமாட்டேன். அந்தப் பையோடு கொடிமலையில் ஏறும்போது உன் மேல்தான் கோபம் கோபமாக வந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு இப்படியா போவது? அழுதுகொண்டே ஏறினேன். ஆனால் எங்கும் உட்காரவில்லை.

அடுத்த மாதம் விமானம். அந்த மலைகளில் மூச்சு முட்டுமாம். முட்டட்டும். உன்னைப் பாதி வழியில் இறக்கி வைக்கமாட்டேன், அண்ணே. தூக்கமாட்டேன் என்று சொன்னது நீதான். நான் சொல்லவில்லை.

உன் பிடிவாதக்காரத் தங்கை,
பினாங்கிலிருந்து