ஒரு படி கீழே

ஜூன் 9, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். பிரிக்பீல்ட்ஸ் அறையில் விசிறி ஒரு பக்கம் மட்டுமே திரும்புகிறது. வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். சலவைத்தூள், முட்டை, பிரிண்டர் ரிப்பேர்.

நாளை வாசிப்பு. இளம் இசையமைப்பாளர்கள் மூன்று பேர் எழுதியதை ஆர்கெஸ்ட்ரா வாசித்துப் பார்க்கும். ஒன்றை மட்டும் ஆகஸ்ட் கச்சேரிக்கு எடுப்பார்கள். யார் எழுதியது என்று வாசிப்பவர்களுக்கும் தெரியக்கூடாது, நடுவர்களுக்கும் தெரியக்கூடாது. தாளில் பெயர் இல்லை, எண் மட்டும். நான் இரண்டாம் எண். அரங்கின் இருட்டில் மற்றவர்களோடு உட்கார்ந்து கேட்கலாம். வாயைத் திறந்தால் வெளியே.

இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. போன தடவை ஒரு விழாவில் என்னைச் சேர்த்தபோது பின் வரிசையில் ஒரு தமிழ்க்குரல்: "போஸ்டருக்கு ஒரு இந்தியன் மூஞ்சி வேணும்ல லா, அதான்." திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. இந்த முறை தேர்வானால், எழுதியதற்காகத்தான் தேர்வானேன் என்று நம்பலாம்.

உறுத்துவது ஜெசிந்தா மட்டும். அதே ஆர்கெஸ்ட்ராவில் செலோ வாசிக்கிறாள். கிள்ளானில் ஒரே பள்ளி, ஒரே பஸ். எதை எழுதினாலும் முதலில் அவளிடம்தான் காட்டுவேன், இதையும் காட்டினேன். போதாததற்கு என் பிரிண்டர் மக்கர் பண்ணியதால், பென்டிரைவை வாங்கிப்போய் ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தாள்களையும் கண்டக்டருக்கான முழுப் புத்தகத்தையும் கடையில் அச்செடுத்து உறையில் போட்டு ஆபீசில் சேர்த்தவளும் அவள்தான். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். நான் கேட்கவே இல்லை. அதுதான் இடிக்கிறது.

ஜூன் 10, புதன்

வாசிப்பு முடிந்து இப்போதுதான் அறைக்கு வந்தேன்.

முதல் எண் நன்றாக இருந்தது. பொறாமை. பிறகு என்னுடையது. தந்தி வாத்தியங்கள் தொடங்கின. சரி. கிளாரினெட் உள்ளே வந்தது. தப்பு. அதன் பிறகு கடைசி வரை தப்பு.

கிளாரினெட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. தாளில் எழுதியிருப்பதை விட ஒரு படி கீழேதான் ஒலிக்கும். அதனால் அதன் தாளை மட்டும் ஒரு படி ஏற்றி எழுதித் தர வேண்டும். அப்படித்தான் தந்தேன் என்று நினைத்தேன். இன்று ஏற்றாத தாள் வாசிக்கப்பட்டது. நான் வயலினோடு தோளில் கைபோட்டு நடக்க விட்ட கிளாரினெட், அதன் காலை மிதித்துக்கொண்டே நடந்தது.

ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் மிஸ்டர் லிம் பாதியில் நிறுத்தினார். கிளாரினெட் வாசிக்கும் என்சிக் ஃபௌசி தாளைத் தூக்கிக் காட்டினார். லிம் தன் முன்னால் இருந்த புத்தகத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றாக இருந்தன. எழுதியவர் இப்படித்தான் கேட்டிருக்கிறார் போல என்று சொல்லிவிட்டு மேலே போனார். நான் பாதி எழுந்தேன். எழுந்து சொன்னால் நீக்கிவிடுவார்கள். உட்கார்ந்துவிட்டேன். ஜெசி தலையைத் தூக்கவே இல்லை. வழக்கமாக மேடையிலிருந்து என்னைத் தேடுவாள்.

ஜூன் 11, வியாழன்

சாயந்திரம் மழை. பியானோ வகுப்பில் இரண்டு பிள்ளைகள் வரவில்லை. நிம்மதி.

தாளும் மாறியிருக்கிறது, புத்தகமும் மாறியிருக்கிறது. பென்டிரைவில் மூலக்கோப்பும் இருந்தது. அது யாரிடம் இருந்தது? போட்டியில் இருக்கும் இன்னொருவன் ஜெசியோடு கேன்டீனில் சிரித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். தலையைத் தூக்காதது வேறு.

மத்தியானம் அவளுக்கு அனுப்பினேன்: "பென்டிரைவ்ல எதையாச்சும் தொட்டியா?"

"என்ன சொல்ற? புரியல."

"யாருக்காக செஞ்ச?"

படித்துவிட்டாள். பதில் இல்லை. குற்றம் இல்லாதவள் சண்டைக்கு வருவாளே.

கிள்ளானிலிருந்து அம்மா போன். "வாசிச்சாங்களா?"

"வாசிச்சாங்க மா."

"நல்லா இருந்துச்சா?"

"தெரியல."

"ஒன் பாட்டு நல்லாருக்கா இல்லையான்னு ஒனக்கே தெரியலயா? சரி, சாப்டியா?"

ஜூன் 12, வெள்ளி

தேர்வாகிவிட்டது. என்னுடையது.

மின்னஞ்சலை நின்றபடியே படித்தேன். நடுவர்கள் குறிப்பு: கிளாரினெட் மற்றவர்களோடு ஒட்டாமல் உரசிக்கொண்டே போவது அபாரமான துணிச்சல். வேறு எதைப் பற்றியும் ஒரு வரி இல்லை. ஒன்பது மாதம் தூக்கம் கெட்டு எழுதினேன், அவர்களுக்குப் பிடித்தது நான் எழுதாத ஒன்று.

ஜெசிக்கு எதிராக ஆதாரம் வேண்டும் என்று லேப்டாப்பைத் திறந்தேன். பென்டிரைவில் ஏற்றுவதற்கு முன்னால் சேமித்த பிரதி. அதிலும் அதே தப்பு. இசை எழுதும் மென்பொருளில், எல்லா வாத்தியமும் காதில் கேட்கிறபடியே திரையில் தெரிய ஒரு பொத்தான் உண்டு. முடித்ததும் அதை அணைத்தால்தான் கிளாரினெட்டின் தாள் ஒரு படி ஏறும். அணைக்கவில்லை. அப்படியே எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். முதல் வருட மாணவருக்கு முதல் வாரம் சொல்லித்தருவது. நானே சொல்லித்தந்திருக்கிறேன்.

யாரும் எதையும் தொடவில்லை. வெட்கமாக இருக்கிறது. சாப்பிடவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

கொம்யூட்டர் ரயில் பிடித்துக் கிள்ளான். அம்மாவைப் பார்க்குமுன் நேரே ஜெசியின் சர்ச் வாசல். பூசை முடிந்து செலோவை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தும் நடையைக் குறைக்கவில்லை.

"என் தப்புதான் ஜெசி. பொத்தான அணைக்க மறந்துட்டேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சிருச்சு. கிளாரினெட் எங்க வரணும்னு எனக்குத் தெரியாதா? எத்தன தடவ பாடிக் காட்டிருப்ப."

"அப்ப ஏன் லிம்கிட்ட சொல்லல?"

நின்றாள். "நான் கை தூக்கி இது தப்புன்னு சொன்னா, ஒனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அதோட ஒன் கத முடிஞ்சிரும். அதான் தலைய குனிஞ்சுகிட்டே வாசிச்சேன். அழுக வேற." செலோவை மறு தோளுக்கு மாற்றினாள். "அடுத்த நாளே யாருக்காக செஞ்சன்னு கேட்ட."

மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றாள். அவள் அண்ணனின் கார் வந்தது. போய்விட்டாள்.

அம்மா வீட்டில் மீன் குழம்பு. இறங்கவில்லை.

ஜூன் 15, திங்கள்

மிஸ்டர் லிம்முக்கு எழுதிவிட்டேன். துணிச்சல் எல்லாம் இல்லை, தப்பு என்று. சரியான தாளையும் சேர்த்து அனுப்பினேன். தேர்வை ரத்து செய்தால் செய்யட்டும். இல்லை, செய்யக்கூடாது.

நாலு மணிக்குப் பதில். தேர்வில் மாற்றம் இல்லை. புதன் ஒத்திகையில் இரண்டையும் வாசிக்கலாம், எது வேண்டும் என்று எழுதியவரே முடிவு செய்யட்டும். இவ்வளவு நல்ல மனிதரா? என் மூஞ்சியோடு போஸ்டர் ஏற்கெனவே அச்சுக்குப் போயிருக்கும்.

ஜூன் 17, புதன்

முதலில் சரியான தாள். எல்லாச் சுரமும் நான் வைத்த இடத்தில் இருந்தது. கிளாரினெட்டும் வயலினும் தோளில் கைபோட்டு நடந்தன. நான் எழுதியதை முதல் முறையாகக் கேட்டேன்.

சப்பென்று இருந்தது.

பிறகு தப்பான தாள். முதுகுத்தண்டு நிமிர்ந்தது. உண்மையிலேயே நிமிர்ந்ததா, பாராட்டைப் படித்த பிறகு அப்படித் தோன்றுகிறதா? சரியானது பழைய சினிமாப் பாட்டு மாதிரி இனித்தது என் குறையா, இந்த ஒரு வாரத்தில் காது கெட்டுவிட்டதா? எனக்கு என் காது மேலேயே நம்பிக்கை இல்லை.

இடைவேளையில் ஜெசியிடம் போனேன். வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லு ஜெசி. எது?"

"சொல்ல மாட்டேன் லா."

"இன்னும் கோவமா?"

"கோவம் இல்ல. நான் எதச் சொன்னாலும், இவ ஏன் அதச் சொன்னான்னு நீ ரூம்ல போய் ஒக்காந்து யோசிப்ப. எனக்கு முடியல."

வில்லை எடுத்துக்கொண்டு தன் நாற்காலிக்குப் போனாள்.

மேடையிலிருந்து லிம் கூப்பிட்டார். எது என்றார். என்சிக் ஃபௌசி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

தப்பானதே இருக்கட்டும் என்றேன். ஜெசியின் முகத்தைப் பார்த்தேன். பள்ளி நாளிலிருந்து, பிடித்ததா இல்லையா என்று அந்த முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். இன்று அதில் ஒன்றும் இல்லை. தாளைப் புரட்டி முதல் பக்கத்துக்கு வந்தாள்.