அலுவலக முகவரிக்கு எதுவும் வரவில்லை

வெள்ளிக்கிழமை, பலேர்மோ

அலுவலகக் கணினி நிரல்களை இணையத்தில் ஒரு தளத்தில் வைத்திருக்கிறோம். யாராவது எதையாவது மாற்றினால் எனக்கு மின்னஞ்சல் வரும். ஓய்வு நேரத்தில் நான் செய்யும் தமிழ்த் தட்டச்சுச் செயலியும் அதே தளத்தில்தான். எல்லாம் ஒரே அஞ்சல் பெட்டியில் குவிந்து முக்கியமானவை தவறிப்போகின்றன. அதனால் இன்று காலை, வேலை அறிவிப்புகள் அலுவலக முகவரிக்கும் மற்றவை சொந்த முகவரிக்கும் வரும்படி பிரித்தேன்.

மத்தியானம் வரை அலுவலக முகவரிக்கு ஒன்றுமே வரவில்லை. நான்தான் பிழையாக அமைத்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். கடைசியில் பக்கத்து மேசை லூக்காவிடம் கேட்டேன்.

அவன் திரையைப் பார்த்தபடியே, "உன்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதலாளி சொல்லவில்லையா?" என்றான்.

முதலாளியிடம் போனேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, திங்கட்கிழமை சொல்ல இருந்தேன் என்றார்.

அலுவலகம் இருக்கும் பொலிதேயாமாவிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். வதிவிட அனுமதி அடுத்த மாதம் முடிகிறது. வேலை இல்லாமல் அதைப் புதுப்பிக்க எந்த முகத்தோடு குவெஸ்தூராக் காவல் அலுவலகத்துக்குப் போவது?

மனைவி வசந்தியிடம் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"நான் வேலை செய்யிற வீட்டுச் சின்யோராவோடை கதைச்சு இன்னொரு வீடும் துப்புரவாக்க எடுக்கிறன்."

"உம்மடை இடுப்பு நோ?"

"அது கிடக்கட்டும். நீங்கள் சாப்பிடுங்கோ."

இப்போது உறங்குகிறாள். புரண்டு படுக்கும்போதெல்லாம் முனகுகிறாள். திங்கட்கிழமை விடிந்தால் அவள் வேலைக்குப் போவாள். நான் வீட்டில் இருப்பேன்.