மேசையில் மேலே இருக்கும் கொப்பி

ஆரையம்பதி
12.06.1964

அன்பின் அண்ணா,

வரும் வியாழக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வரப்போகும் வித்தியாதரிசி நீங்கள்தான் என்று தலைமை ஆசிரியர் சொன்னார். எந்த வகுப்புக்குப் போனாலும், மேசையில் மேலே இருக்கும் கட்டுரைக் கொப்பியை எடுத்துச் சத்தமாக வாசிப்பீர்களாம். நல்ல பழக்கம்.

நாம் பள்ளியில் படித்த காலத்தில், வாய்மையைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு உங்கள் பெயரைப் போட்டுப் பரிசு வாங்கினீர்கள். நான் வாத்தியாரிடம் போய் முறையிட்டேன். "என்ட கட்டுரைதான் ஐயா. அவதான் பொய் சொல்றா" என்று வேதாகமத்தில் கைவைத்துச் சொன்னீர்கள். அப்பா படுவான்கரை வயலில் நின்றார். அவர் வந்து, பொய் சொன்னதாக என்னை அடிக்கப் பிரம்பை எடுக்கும்வரை மூன்று நாள் காத்திருந்தேன். அடியைவிட அந்த மூன்று நாள்தான் இன்னும் வலிக்கிறது.

போன கிழமை நேர்மை பற்றிய பாடம். பெயர் சொல்லாமல் அந்தக் கதையை ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லி, அண்ணன் என்ன செய்திருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னேன். முப்பத்தொரு கொப்பி வந்தது. நான் கேட்காமலே சில பிள்ளைகள் தாங்கள் மறைத்த பிழைகளையும் எழுதியிருந்தார்கள். பத்து வயதில் அவர்களுக்கு இருக்கும் நெஞ்சுரம் உங்களுக்கு இல்லை.

தவமலரின் கொப்பியை மேலே வைப்பேன். கடைசி வரியில் என்னைக் கேட்டிருக்கிறாள்: "அந்த அண்ணன் இப்ப என்ன வேலை செய்யிறார், ரீச்சர்?"

வியாழக்கிழமை அதை வாசிக்கிறவரே பதில் சொல்லுவார் என்று வகுப்பில் சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதம் திங்கட்கிழமை உங்கள் கையில் கிடைக்கும். உங்களுக்கும் மூன்று நாள்.

இப்படிக்கு,
பொய் சொன்ன தங்கச்சி