பியோ சாருக்குப் பின்னால்

ஏப்ரல் 6, ஞாயிறு
கம்பெனி சைக்கிள் குழுவோடு கேஜோக்சான் மலையில் இறங்கினோம். எட்டாவது வளைவில் வெளிப்பக்கப் பெடலை அழுத்தி மிதித்தேன். பார்வை வளைவு முடிகிற இடத்தில். பிரேக்கைத் தொடவே இல்லை. சக்கரம் மண்ணைக் கவ்விக்கொண்டு திரும்பியது. மூன்று வருடப் பயிற்சி! அப்படியே போயிருந்தால் முன்னால் போன பியோ சாரை முந்தியிருப்பேன். பியோ சார் என் மேலாளர். டிசம்பரில் பதவி உயர்வுப் பட்டியல் எழுதுகிறவர்.

பிடித்தேன் பிரேக்கை.

கீழே வந்து மக்கோலி அரிசிக் கள்ளை ஊற்றும்போது சொன்னார்: "வளைவுல உங்கள்ல ஒருத்தராலயும் என்னைப் பிடிக்க முடியல. யோம், நீ இன்னும் பழகணும்யா."

"ஆமா சார்" என்றேன். ஏழு பேரும் தலையாட்டினோம்.

மே 11
புதிதாகச் சேர்ந்த மேங், எட்டாவது வளைவில் சாரை முந்திவிட்டாள். "இடது பக்கம் வர்றேன் சார்" என்று அறிவிப்பு வேறு. அன்று சார் மக்கோலி ஊற்றாமலே கிளம்பிவிட்டார்.

மே 12
கைபேசியில் சைக்கிள் குழு அரட்டையைத் திறந்தேன். மேங்கின் பெயர் இல்லை.

ஜூன் 8
மெதுவாகத் திரும்புவது லேசா? வேகம் குறைந்தால் சைக்கிள் சாய்கிறது. காலை ஊன்றினால் நடிப்பு தெரிந்துவிடும். குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைத்துப் பழகினேன். மனைவி சுக்யோங் பால்கனியிலிருந்து பார்த்தாள்.

"ஏங்க, போன வருஷம் வேகமா போறதுக்குத்தானே இதே பாட்டிலை வச்சீங்க?"

"இது அதைவிடக் கஷ்டம்."

"ஊரு உலகம் முன்னேறப் பழகுது. நீங்க பின்தங்கப் பழகுறீங்க."

ஜூலை 20
விழுந்தேன். முழங்கையில் தோல் போச்சு. ஆமை வேகத்தில் போய் விழுந்த ஒரே ஆள் நான்தான் இந்த மலையில். பியோ சார் தன் கையாலேயே மருந்து போட்டார். "பார்வையை எங்கய்யா வச்சே? வளைவு முடியுற இடத்தைப் பாரு."

என் பார்வை அவர் பின்சக்கரத்தில் இருந்தது. வேறெங்கே இருக்கும்? ஆனாலும் மருந்து போடும்போது அவர் முகத்தில் பாசம் தெரிந்தது. டிசம்பர் எனக்குத்தான்.

செப்டம்பர் 29
பியோ சாருக்கு சாங்வோன் கிளைக்கு மாற்றல். உடனே கிளம்ப வேண்டுமாம். பட்டியல் யார் கையில்? அப்ப என் முழங்கை? எல்லாம் விழலுக்கு இறைச்ச தண்ணியா?

அக்டோபர் 19
புது மேலாளர் தாக் மேடமும் மலையில் ஓட்டுகிறவர். மேங்கையும் கூப்பிட்டு வந்திருந்தார்.

"குழுவுல நீங்கதான் கெட்டின்னு மேங் சொன்னா. முன்னால போங்க யோம், உங்களைப் பார்த்துக் கத்துக்கிறேன்."

முன்னால் ஒருவருமில்லை. வெறும் பாதை. எத்தனை நாள் ஏங்கியிருக்கேன் இதுக்கு! எட்டாவது வளைவு வந்தது. கை பிரேக்கைப் பிடித்துவிட்டது. சத்தியமா நான் பிடிக்கல, கைதான் பிடிச்சுது.

மேடம் தாண்டிப் போனார். பின்னாலேயே மேங். "இடது பக்கம் வர்றேன் அண்ணா."

டிசம்பர் 6, சனி
நேற்று பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. காலையில் பாட்டில்களை மறுபடி வரிசையாக வைத்தேன். பால்கனியிலிருந்து சுக்யோங்.

"இந்தத் தடவை வேகமாவா, மெதுவாவா?"

"வேகமாத்தான்" என்றேன். "மேடத்தைவிட மட்டும் கொஞ்சம் மெதுவா."