பார்டரில் ஏறிய ஆக்டோபஸ்

26.6.2006, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மத்தியானம் கரண்ட் போய், சேலை டிசைனுக்கான கிராஃப் கம்ப்யூட்டரில் பாதியில் நின்றது.

கரண்ட் வந்ததும் வேலையைத் தொடாமல் கேமைத் திறந்தேன். அவன்தான், அந்த ராட்சச ஆக்டோபஸ். முதல் பாகத்தில் ஆற்றில் உதை வாங்கினான். இரண்டாம் பாகத்தில் கோட்டையில். இப்போது மூன்றாம் பாகத்தில் கப்பலை மறித்துக்கொண்டு அதே இளிப்பு. வெட்கம் கெட்டவன். பின்னால் நூல் சுற்றிக்கொண்டிருந்த மாமியார்: "இன்னாடி, மறுக்கா வந்துட்டானா? உடாத, போடு!"

போட்டேன். கொழுந்தனே தோற்ற இடம். எனக்கு நானே சபாஷ்.

28.6, புதன்

பார்டருக்குக் கொடி சரியாக வரவில்லை. நான் வரைந்த எதுவும் இதுவரை தறி ஏறியதில்லை. கடை முதலாளி "பாக்கலாம்மா" என்பதோடு சரி. எரிச்சலில் ஆக்டோபஸைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக நிற்கிறான், நம் கிராஃப் போலவே! காலெல்லாம் சுருட்டிவிட்டேன். தலையில் நாலு இதழ். பார்ப்பவர்களுக்குத் தாமரைக் கொடி. வீட்டுக்காரர் இவரிடம்கூடச் சொல்லவில்லை.

30.6, வெள்ளி

முதலாளி வந்தார். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "கொடி ஷோக்கா கீதும்மா. ஜல்தி டிசைனுக்கு அட்டை குத்தச் சொல்லு, தறில ஏத்திடலாம்."

என் டிசைன்! இவர் மைசூர்பாகு வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தார்.

18.7, செவ்வாய்

சேலை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்தாயிற்று. அரக்கு உடல், பச்சை பார்டர், ஜரிகையில் அவன் வரிசை வரிசையாக. அழகன்.

மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். இவர்: "வெள்ளிக்கிழமை அம்மனுக்குச் சாத்திடலாம்."

சேலையை மடியிலிருந்து இறக்கி வைத்தேன். இந்த வீட்டில் புது டிசைனின் முதல் சேலையை விற்பதில்லை, ஆடி வெள்ளியில் அம்மனுக்கு. தெரிந்த வழக்கம்தான். என்னுடையது தறி ஏறினால்தானே ஞாபகம் இருக்க. கேமில் அடி வாங்குகிறவனை அம்மன் உடம்பில் சுற்றுவதா? சொன்னால் டிசைனே போச்சு. சொல்லாவிட்டால் பாவம். வேண்டுமென்று செய்யவில்லை தாயே.

20.7, வியாழன்

சரியான தூக்கம் இல்லை. மாமியாரிடம் சொல்லிவிடத்தான் போனேன். "காபி வேணுமா அத்தே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். கோழை.

21.7, ஆடி வெள்ளி

தூறல். கோயிலில் நெரிசல். திரை விலகியது. அரக்கில் ஜொலித்தாள் அம்மன். கொசுவத்தின் கீழே பார்டர் விசிறியாக விரிந்து, அத்தனை ஆக்டோபஸும் பளிச்சென்று. பக்கத்தில் ஒரு பெண்: "பார்டரைப் பாருக்கா! யாரு போட்டதோ." எனக்குப் பயம், பெருமை, அழுகை எல்லாம் ஒன்றாக.

மாமியார் எட்டிப் பார்த்தார். உற்றுப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, இவன் அவன்தான?"

செத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நீ எத்தினி வாட்டி அடிச்சாலும் வந்துகினே இருந்தான். இப்ப அவ காலாண்ட கெடக்கறான். இனிமே எங்க எழுந்து வருவான்?"

பிறகு அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி, கோயிலுக்கே கேட்கிற மாதிரி: "எங்க மருமவ போட்டதும்மா!"